மேயும் கோழிக்குத் தீனி: எது தானாகக் கிடைக்கும், எதை நாம் போட வேண்டும்

எங்கள் ஊர் மூலனூர் பக்கம். மானாவாரிக் காடு, முருங்கைத் தோப்பு, நாலு ஆடு, வீட்டைச் சுற்றி நாட்டுக்கோழி. இங்கே பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடப்பு. புதிதாகக் கோழி வாங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு எத்தனை பிடி கம்பு போடறது?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "உங்க காட்டுல இப்ப கோழிக்கு என்ன கிடைக்குது?" அதற்குப் பதில் தெரிந்தால்தான் எத்தனை பிடி, எதில் பிடி என்று சொல்ல முடியும்.

மேயும் கோழிக்கு வயிறு நிறைவது பெரிய சிரமம் இல்லை. களத்தில் சிந்தியது, மாட்டுத் தொட்டி ஓரத்தில் கிடப்பது, வீட்டுச் சோறு என்று மாவுச்சத்து எப்படியாவது சேர்ந்துவிடும். குறைவது புரதமும் சுண்ணாம்புச் சத்தும், கோடையில் பச்சையும். அரிசியும் நொய்யும் மட்டுமே தின்னும் கோழி பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும். முட்டை மட்டும் இடைவெளி விட்டு இடும், இறகு மங்கும், குஞ்சு வளராது. அரிசி நொய்யில் புரதம் 8 சதவீதம் அளவில்தான் உண்டு. முட்டையிடும் கோழிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். இந்த இடைவெளியை நிரப்புவதுதான் நம் வேலை.

முதலில் கோழியைத் தொட்டுப் பாருங்கள்

மாலையில் கோழிகள் அடையும் நேரத்தில் ஒன்றிரண்டைக் கையில் எடுங்கள். கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் இடத்தில், கோழியின் வலப்பக்கமாகத் தீனிப்பை இருக்கும். இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். கம்பு தின்றிருந்தால் மணிமணியாக உருளும். பச்சையும் பூச்சியும் தின்றிருந்தால் மெத்தென்று இருக்கும். நன்றாக மேய்ந்த பெட்டைக்கு அந்த நேரத்தில் பை எலுமிச்சம்பழ அளவுக்கு மேலாகவே திரண்டிருக்கும். தொளதொளவென்று வெறும் தோலாகத் தட்டுப்பட்டால், அன்றைக்கு அது பட்டினி. கூட்டத்தில் மற்றவை கொத்தி விரட்டுகிற கோழிக்குத்தான் பெரும்பாலும் இப்படி ஆகும். அதற்குத் தனியாகப் போட வேண்டும்.

அதே கோழியைக் காலையில் திறந்துவிடும் முன்பு தொட்டுப் பாருங்கள். பை காலியாக இருக்க வேண்டும். கல்லாக இறுகிக் கிடந்தால் நார், நூல், நீளமான காய்ந்த புல் ஏதோ அடைத்திருக்கிறது. தண்ணீர்ப் பையாகத் தளும்பி, வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே தீனி புளித்துப்போயிருக்கிறது. இரண்டுக்குமே அன்றைக்குத் தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. தலைகீழாகப் பிடித்து உதறுவார்கள் சிலர். அந்தத் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போனால் கோழி கையிலேயே செத்துவிடும்.

அப்புறம் எச்சம். கெட்டியாக, மேலே வெள்ளைப் பூச்சோடு இருந்தால் சரி. தண்ணீராகப் பச்சையும் வெள்ளையுமாகப் போனால், ரத்தம் கலந்து போனால், தீனியை மாற்றிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அது நோய்.

காட்டில் எப்போது என்ன கிடைக்கும்

புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை மூன்று மாதமும் எங்கள் பக்கம் கோழிக்கு நல்ல காலம். வெட்டுக்கிளி, புழு, ஈசல், இளம் புல் எல்லாம் உண்டு. அப்போது புண்ணாக்கைக் குறைத்துத் தானியத்தைக் கொஞ்சம் கூட்டலாம். ஏனென்றால் மழை ஈரத்தில் உடம்புச் சூட்டைக் காக்க அவற்றுக்குத் தெம்பு வேண்டும். தை, மாசியில் அறுவடைக் களத்தில் தானியம் தாராளமாக இருக்கும், பூச்சி குறையத் தொடங்கும். பங்குனியிலிருந்து வைகாசி வரை மண் காய்ந்து கிடக்கும். பொறுக்கத் தானியம் கொஞ்சம் இருக்கும், புழுவும் இல்லை, பச்சையும் இல்லை. அந்த மூன்று மாதம்தான் நம் கைச்செலவு கூடும். வருடம் முழுக்க ஒரே அளவில் கம்பை வீசிவிட்டு, "கோடையில் முட்டை நின்றுவிட்டது, வெயில்தான் காரணம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. வெயில் பாதிக் காரணம். மீதி, தட்டில் என்ன இருந்தது என்பது.

இறகு உதிர்க்கும் காலத்தையும் கவனியுங்கள். இறகு முழுக்கப் புரதம். அந்தச் சமயத்தில் முட்டை நிற்பது இயல்பு. அப்போதும் புரதத்தைக் குறைக்காமல் கொடுத்தால் புது இறகு சீக்கிரம் நிறைந்து மறுபடி முட்டைக்கு வரும்.

வீட்டிலேயே கலக்கும் தீவனம்

வளர்ந்த கோழிகளுக்கு நான் கலப்பது 10 கிலோ கணக்கு. உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கம்பு ஒன்றரைக் கிலோ, கடலைப் புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, எள்ளுப் புண்ணாக்கு அரைக் கிலோ, அரிசித் தவிடு 1 கிலோ 700 கிராம், உப்பிடாத மீன் தூள் 600 கிராம், கோழிக்கான தாது உப்புக் கலவை 200 கிராம். இதோடு சமையல் உப்பு 30 கிராம், அதற்கு மேல் வேண்டாம். புரதம் 17, 18 சதவீதத்துக்கு வந்துவிடும்.

ஏன் இரண்டு புண்ணாக்கு என்று கேட்கலாம். கடலைப் புண்ணாக்கில் புரதம் அதிகம், ஆனால் மெத்தியோனின், லைசின் என்ற இரண்டு சத்தும் குறைவு. எள்ளில் மெத்தியோனின் நன்றாக உண்டு, லைசின் குறைவு. அந்த லைசினை மீன் தூள் கொண்டுவந்துவிடும். மூன்றும் சேரும்போதுதான் கோழியின் உடம்பு அந்தப் புரதத்தை வீணாக்காமல் எடுத்துக்கொள்ளும். காங்கேயம், வெள்ளக்கோவில் எண்ணெய் ஆலைகள் பக்கம் இருப்பவர்களுக்குத் தேங்காய்ப் புண்ணாக்கு எளிதாகக் கிடைக்கும். தவிட்டில் பாதியை எடுத்துவிட்டு அதைச் சேர்க்கலாம். கடலைப் புண்ணாக்குக்குப் பதிலாக அதைப் போட முடியாது, புரதம் அவ்வளவு இல்லை. பருத்திப் புண்ணாக்கு மாட்டுக்கு நல்லது. முட்டைக்கோழிக்குப் போட்டால் அதிலுள்ள காசிபால் என்ற பொருளால் மஞ்சள் கரு நிறம் கெடும்.

மக்காச்சோளம் விலை ஏறினால் கம்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். கம்பில் புரதமும் சற்று அதிகம், உடைக்கவும் தேவையில்லை. மஞ்சள் கரு மட்டும் வெளிறும். அதற்குக் கீரை போட்டால் போதும்.

வாங்கும்போது மீன் தூளையும் கடலைப் புண்ணாக்கையும் சோதிக்காமல் வாங்கவே கூடாது. மீன் தூளை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கி, கொஞ்ச நேரம் விடுங்கள். மணல் கலந்திருந்தால் அடியில் தனி வரியாகப் படியும். பிறகு நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துப் பாருங்கள், உப்புக் கரித்தால் திருப்பிக் கொடுங்கள். உப்பு அதிகமானால் கோழி தண்ணீராகக் குடித்துக் கழிந்து சாகும்.

கடலைப் புண்ணாக்கை உடைத்து உள்பக்கம் பார்க்க வேண்டும். பச்சையோ சாம்பலோ பூத்திருந்தால், பழைய சாக்கு வாடை அடித்தால், விலை பாதியானாலும் வேண்டாம். அந்தப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை விடும். ஈரலைத்தான் அடிக்கும். வெயிலில் காய வைத்தாலும், வேக வைத்தாலும் அது போகாது. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. தேடிப் பார்த்தபோது அவை தின்ற கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நஞ்சு இருந்தது. உலகம் அஃப்ளாடாக்சினை அறிந்துகொண்டதே அதிலிருந்துதான். பூசணம் பிடித்த மக்காச்சோளத்துக்கும் இதே கதி. "ஆளுக்கு ஆகாது, கோழிக்குப் போடு" என்று வீட்டுப் பெரியவர்கள் எடுத்து நீட்டுவார்கள். மறுத்துவிடுங்கள்.

கலவையை இரண்டு வாரத்துக்குத் தேவையான அளவு மட்டும் கலந்து, மூடியுள்ள டிரம்மில், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். தவிட்டில் உள்ள எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மட்டும் போதும்.

அளவு என்ன? அடைத்தே வளர்க்கும் பெரிய கோழிக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அளவில் வேண்டும். நன்றாக மேய்வதற்கு 40, 50 கிராம் போதும், 10 கோழிக்கு அரைக் கிலோ. காலையில் ஒரு பங்கு, மாலையில் இரண்டு பங்கு. காலையிலேயே வயிறு நிறையப் போட்டால் கோழி வாசலிலேயே உட்கார்ந்துவிடும், மேயப் போகாது. மாலைத் தீனி இருக்கிறது என்று பழகிவிட்டால் பொழுது சாயும் முன் அதுவே கூட்டுக்கு வந்துவிடும், நாய்க்கும் கீரிக்கும் பயந்து தேட வேண்டியதில்லை.

கரையான் பானை

புரதத்துக்குக் காசு செலவில்லாத வழி இது. எங்கள் அத்தை காலத்திலிருந்து செய்கிறோம். குஞ்சுகளுக்கு இதைவிட நல்ல தீனி எனக்குத் தெரியவில்லை. வாய் அகன்ற பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, சோளத்தட்டைத் துண்டு, ஓலை என்று கரையான் விரும்புவதைத் திணியுங்கள். உதறினால் விழாத அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். தண்ணீர் தெளித்து நனைத்து, மாலையில் கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் தரையைக் கொஞ்சம் கொத்திவிட்டுப் பானையை வாய் கீழாகக் கவிழ்த்து வையுங்கள். வெள்ளை மண்பூச்சு ஏறிய பழைய விறகு, வேலிக்கால் கிடக்கும் இடம் சரியாக இருக்கும். மறுநாள் வெயில் ஏறும் முன்பே தூக்க வேண்டும். தாமதித்தால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். தூக்கிய பானையைக் குஞ்சுகள் முன்னால் தட்டினால் வெள்ளை வெள்ளையாகக் கொட்டும். தாய்க்கோழி கொக்கரித்துக் கூப்பிடும் சத்தமே அன்றைக்கு வேறு மாதிரி இருக்கும். பெரிய கோழிகள் புகுந்து காலி செய்துவிடும், ஆகவே குஞ்சுகளையும் தாயையும் பஞ்சாரத்துக்குள் விட்டு உள்ளேயே கொட்டுங்கள்.

வீட்டுக் கதவு, நிலை, மரச்சாமான் அருகே பானை வைக்காதீர்கள். கரையானுக்கு மருந்து ஊற்றிய இடத்தின் பக்கமும் போகக் கூடாது.

எலி, பூனை செத்துக் கிடந்து புழுத்தால் அந்தப் புழுவைக் கோழி தின்ன விடாதீர்கள். அதில் உள்ள நஞ்சினால் கழுத்து தொங்கிப்போய் எழ முடியாமல் சாகும். ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

பச்சையும் அசோலாவும்

முருங்கைக் கீரைதான் என் முதல் தேர்வு. தோப்பில் கவாத்து செய்யும்போது கிளையோடு கட்டித் தொங்கவிட்டால் எட்டிக் கொத்தும், வெறுங்காம்பு மட்டும் மிஞ்சும். மருந்து அடித்த தோப்பு என்றால் அந்த இலை வேண்டாம். வீட்டு ஓர மரமே போதும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கம் இருப்பவர்கள் கோஸ் இலை, முள்ளங்கி இலை அள்ளி வருவார்கள். வெளி இலையில் மருந்து இருக்கும், உரித்துப் போட்டுவிட்டுக் கழுவிக் கொடுங்கள். சூபாபுல் இலையை ஆட்டுக்கு வெட்டும்போது கோழிக்கும் போடுவது உண்டு. அதில் மைமோசின் என்ற நஞ்சு இருக்கிறது, வளர்ச்சியைக் கெடுக்கும். அதை ஆட்டோடு விடுங்கள்.

தண்ணீர்ப் பாத்தியில் மிதந்து வளரும் அசோலா என்ற சின்னச் செடி பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். தாராளமாகப் போடுங்கள், கோழி விரும்பித் தின்னும், மஞ்சள் கருவும் நிறம் ஏறும். ஆனால் அசோலா இருந்தால் தீவனச் செலவே இல்லை என்று சொல்வதை நம்பாதீர்கள். காய்ந்த அசோலாவில்தான் புரதம் 25 சதவீதம் அளவில் இருக்கிறது. பாத்தியிலிருந்து அள்ளும் பச்சை அசோலா 100 கிராமில் 90 கிராமுக்கு மேல் தண்ணீர். மிஞ்சும் சில கிராமில் கிடைக்கும் புரதம் இரண்டு கிராம்கூட வராது. முட்டையிடும் கோழிக்கு நாளைக்கு 15 கிராம் வேண்டும். அசோலா நல்ல கீரை, அவ்வளவுதான்.

சுண்ணாம்பும் கல்லும்

ஒரு முட்டை ஓட்டில் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. அது தீனியில் இல்லாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். ஓடு மெலிவது, தோல் முட்டை இடுவது, கடைசியில் தன் முட்டையையே கொத்தித் தின்னப் பழகுவது எல்லாம் இதன் அடையாளம். தீவனக் கடையில் கிளிஞ்சல் குருணை கிடைக்கும். அதைத் தீவனத்தில் கலக்காமல் தனித் தட்டில் வையுங்கள். முட்டையிடும் பெட்டை தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும், சேவலும் குஞ்சும் தேவையில்லாமல் தின்னாது. வீட்டு முட்டை ஓட்டைக் கழுவி, வாணலியில் வறுத்து, ஓடு என்று தெரியாத அளவுக்குப் பொடித்தும் வைக்கலாம். கோடையில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது ஓடு இன்னும் மெலியும், அப்போது தட்டு காலியாகவே கூடாது.

கோழிக்குப் பல் இல்லை. அரவைப் பையில் கிடக்கும் பொடிக்கல்தான் தானியத்தை அரைக்கிறது. மேயும் கோழி தானே பொறுக்கிக்கொள்ளும். அடைத்து வளர்த்தால் ஆற்று மணலில் பருமனானதைச் சலித்து ஒரு தட்டில் வையுங்கள்.

தண்ணீர், தின்னும் தீனியின் எடைக்கு இரண்டு மடங்கு. அக்கினி நட்சத்திரத்தில் அதைவிட அதிகம். நிழலில் மண்சட்டியில் வைத்து, காலையும் மதியமும் மாற்றுங்கள். கோடையில் தீனியை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் மட்டும் போடுங்கள்.

போடவே கூடாதவை

விதை நேர்த்தி செய்த தானியம்தான் முதல் எதிரி. விதைத்தது போக மீந்த சிவப்பு, ரோஸ் சாயம் ஏறிய கம்பு, சோளம், மக்காச்சோள விதையைக் கழுவினாலும் மருந்து போகாது. விதைத்த காட்டில் முளைக்கும் வரை கோழியை விடாதீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரே காலைப்பொழுதில் ஒரு கூட்டமே போனதைப் பார்த்திருக்கிறேன்.

பச்சை மரவள்ளித் தோல், ஆமணக்குக் கொட்டை, ஆமணக்குப் புண்ணாக்கு, வறுக்காத சோயா, வேக வைக்காத பெரிய பயறு வகை எதுவும் வேண்டாம். மிஞ்சிய சாதம் போடலாம், ஊறுகாய் கலந்தது, அப்பளம், உப்புக் கருவாடு வேண்டாம். மிளகாய்க் காரம் கோழிக்கு உறைக்காது. அதற்குப் பகை உப்புதான். ஊசிப்போனதை உரக்குழியில் போடுங்கள்.

வெள்ளைக் கழிச்சலுக்கு மஞ்சள், கீழாநெல்லி, சின்ன வெங்காயம் என்று அரைத்துக் கொடுப்பது இங்கே வழக்கம். நானும் கொடுக்கிறேன். ஆனால் அதை மட்டும் நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். எவ்வளவு நல்ல தீனி தின்ற கோழியானாலும் அந்த நோய் வந்தால் தப்பாது. அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டு நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். குடற்புழு மருந்தும் அங்கேயே கேளுங்கள். வயிற்றில் புழு இருந்தால் நாம் போடும் புண்ணாக்கில் பாதி அதற்குத்தான் போகும்.

குஞ்சுகளுக்கு

பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருப்பதால் முதல் இரண்டு நாள் பட்டினி கிடந்தாலும் தாங்கும். முதலில் தண்ணீரைப் பழக்குங்கள். ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு ஊற்றினால் விழுந்து சாகாது. பிறகு உடைத்த கம்பு, பொடித்த புண்ணாக்கு, வேக வைத்த முட்டையை உதிர்த்தது. முடிந்தவர்கள் முதல் மாதம் கடையில் விற்கும் குஞ்சுத் தீவனத்தை வாங்கிவிடுங்கள். புரதம் 20 சதவீதம் அளவில் இருக்கும். ஒரு குஞ்சு தின்பது கொஞ்சம்தான், அந்தச் செலவு வீண் போகாது. நாமக்கல் பண்ணைகளுக்குப் போகும் முட்டைக்கோழித் தீவனம் மலிவாகக் கிடைக்கிறது என்று குஞ்சுக்குப் போடாதீர்கள். முட்டை ஓட்டுக்காக அதில் சேர்த்திருக்கும் கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

தீனி சிந்தி ஈரமான இடத்தைத் தினமும் மாற்றுங்கள், மூன்றாவது வாரத்துக்கு மேல் ரத்தக் கழிச்சல் வருவது அந்த ஈரத்தில்தான். எட்டு வாரம் ஆனதும் மேலே சொன்ன கலவைக்கு மாற்றலாம். ஒரே நாளில் மாற்றாமல், பழைய தீவனத்தோடு புதியதைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஒரு வாரத்தில் கூட்டிக்கொண்டு போங்கள்.